பலிபீடத்தின் கீழே

விசுவாச மந்திரம் என்று கத்தோலிக்கரும் விசுவாசப் பிரமாணம் என்று மற்றவர்களும் சொல்லும் அந்தச் சிறு பிரகடனத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. கிறிஸ்து மறுபடி வந்து உயிரோடிருப்பவர்களுக்கும் செத்தவர்களுக்கும் தீர்ப்புச் சொல்வார் என்பது ஒன்று. அதற்குச் சில வரிகள் தள்ளி வரும் பாவப் பொறுத்தல் மற்றது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது. ஒரே மூச்சில் யோசிக்கத்தான் முடியவில்லை. பொறுக்கப்பட்ட பாவம் இல்லாமலே போய்விட்டது என்றால் கடைசி நாளில் விசாரிப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது? ஏதோ மிஞ்சியிருக்கிறது என்றால், பொறுத்தாகிவிட்டது என்று சொன்னதற்கு என்ன அர்த்தம்?

நான் கிறிஸ்துவன் அல்ல. இந்தச் சிக்கலை அதற்கென்று இருப்பவர்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் ஒரு போப் இதில் கால் வைத்து மீள முடியாமல் போன சரித்திரத்தைப் படித்த பிறகு அப்படி விட முடியவில்லை. ஒரு குற்றம் எப்போது முடிகிறது, முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது விசுவாசிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

சிக்கல் பிற்காலத்துப் பண்டிதர்கள் கிளப்பியதல்ல. மூலத்திலேயே இருக்கிறது. யாத்திராகமத்தின் 34ஆம் அதிகாரத்தில் மோசேக்கு முன்னால் கடவுள் தன் குணங்களைத் தானே அறிவிக்கும் இடத்தில், அக்கிரமத்தை மன்னிப்பவன் என்ற சொல்லும், குற்றவாளியை விட்டுவிடாதவன் என்ற சொல்லும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் விளக்கம் அங்கே கிடையாது. அங்கே மன்னிப்புக்கு வரும் எபிரேயச் சொல்லுக்குத் தூக்குவது, சுமப்பது என்பதே மூல அர்த்தம். கத்தோலிக்கத் தமிழில் நிலைத்துவிட்ட 'பொறுத்தல்' என்ற சொல் இதற்கு வெகு அருகில் இருக்கிறது. பொறுக்கப்பட்ட பாரம் மறைந்துவிடுவதில்லை. அதை யாரோ சுமக்கிறார்கள்.

மத்தேயுவின் சுவிசேஷத்திலும் இதே பிளவு. 18ஆம் அதிகாரத்தில் ஓர் அரசன் தன் ஊழியனின் பெருங்கடனைத் தள்ளுபடி செய்கிறான். அந்த ஊழியன் வெளியே போய்த் தனக்குச் சொற்பத் தொகை தர வேண்டிய இன்னொருவனின் கழுத்தைப் பிடிக்கிறான். செய்தி கேட்ட அரசன் தள்ளுபடியை ரத்துச் செய்து, முழுக்கடனையும் வசூலிக்கச் சொல்லி அவனை ஒப்புக்கொடுக்கிறான். கொடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெற முடியும் என்கிறது கதை. மத்தியகால இறையியலாளர்கள், பொறுக்கப்பட்ட பாவம் திரும்பி வருமா என்று பக்கம் பக்கமாக விவாதித்ததற்கு ஆதாரம் இந்தக் கதைதான். 25ஆம் அதிகாரத்தில் வருவது கடைசித் தீர்ப்பு. அங்கே மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் கிடந்தவனைப் பார்க்கப் போனாயா என்ற கேள்விகள் மட்டும். கேட்கப்படுபவர்களுக்குத் தாங்கள் செய்ததும் செய்யத் தவறியதும் எப்போது என்றுகூட நினைவில்லை. தன் பாவங்களைக் கவனமாகப் பட்டியலிட்டு மன்னிப்புப் பெற்று வந்தவனுக்கு இந்த விசாரணையில் அந்தப் பட்டியல் எவ்வளவு தூரம் உதவும் என்று தெரியவில்லை.

ஆதித் திருச்சபை பிரச்சினையை நடைமுறையில் சமாளித்தது. ஞானஸ்நானம் எல்லாவற்றையும் கழுவும். அதன் பிறகு விழுந்தவனுக்குப் பகிரங்கமான, கடுமையான, ஒரே ஒரு வாய்ப்பு. இதன் விளைவு விநோதமானது. ஜனங்கள் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 326இல் தன் மூத்த மகன் கிறிஸ்பஸைக் கொல்ல உத்தரவிட்டான். 337இல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றான். அதன் பிறகு ராஜ அங்கியைத் தொடாமல் வெள்ளுடையிலேயே இறந்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கணக்கு சுத்தம். தள்ளிப்போட்ட காரியத்தைக் கடைசி நிமிஷத்தில் முடித்துக்கொள்கிற இந்தப் புத்திசாலித்தனத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம். கிறிஸ்பஸ் எங்கே நிற்கிறான் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் பாவசங்கீர்த்தனம் ரகசியமாயிற்று. எத்தனை தடவையும் செய்யலாம் என்றாயிற்று. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது என்று கட்டாயமாக்கியது. கடவுள் உன்னைப் பொறுப்பாராக என்று வேண்டிக்கொண்டிருந்த குரு, அதே நூற்றாண்டில், நான் உன்னை விடுவிக்கிறேன் என்று தன்மையில் பேசத் தொடங்கினார். ஆக, தீர்ப்பு ஒன்று இங்கேயே, ஒரு மரத்தடுப்பும் இல்லாத காலத்து நாற்காலிக்கு முன்னால், காதோடு காதாக வழங்கப்பட்டுவிடுகிறது. கடைசி நாளுக்கு என்ன வைப்பது? இறையியல் கண்ட வழி, பாவத்தை இரண்டாகப் பிளப்பது. குற்றம் வேறு, தண்டனை வேறு. குற்றத்தைப் பாவசங்கீர்த்தனம் தீர்த்துவிடும். தண்டனையில் பாக்கி இருக்கும். அந்தப் பாக்கியை இங்கே பரிகாரத்தால் கழிக்கலாம். கழிக்காமல் செத்தவன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிப்பான். அந்த ஸ்தலத்துக்கு ஒரு பெயர்ச்சொல்லே 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பிறக்கிறது என்று ழாக் லெ கோஃப் 1981இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

இந்த ஏற்பாட்டில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் ஏற்பாடு இவ்வளவு ஒழுங்காக அமைந்துவிட்டதாலேயே கடைசி நாள் வேலையற்றுப் போயிற்று. சாகும்போதே ஒவ்வொருவனுக்கும் தனித்தீர்வை. அதன்படி மோட்சம், நரகம், அல்லது உத்தரிப்பு. எல்லாம் தீர்ந்துவிட்ட பிறகு பொதுத்தீர்வை எதற்கு?

இந்த இடத்தில்தான் அந்தக் கிழப் போப் வருகிறார்.

*

22ஆம் ஜான் தெற்குப் பிரான்ஸில் கஹோர் என்ற ஊர்க்காரர். 1316இல் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதே எழுபதைத் தாண்டியவர். போப்புகள் ரோமில் இல்லாமல் அவிஞோனில் இருந்த காலம். சட்டம் படித்தவர், நிர்வாகி, போப்பாண்டவரின் கஜானாவைச் சீர்ப்படுத்தியவர். கவிதையோ தரிசனமோ அவரிடம் எதிர்பார்க்கக் கூடியவை அல்ல. 1323இல் தாமஸ் அக்வினாஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தவர் இவர். அதே வருஷம், கிறிஸ்துவுக்கும் சீடர்களுக்கும் சொத்தே இருந்ததில்லை என்று சொல்வது பதிதம் என்று பிரகடனம் செய்தவரும் இவரே. அதற்கு முன்பே, 1318 மே மாதத்தில், குட்டையான கந்தல் அங்கியைக் கைவிட மறுத்த, மடத்துக் களஞ்சியத்தில் தானியம் சேர்த்துவைப்பதை ஏற்க மறுத்த நான்கு பிரான்சிஸ்கன் சந்நியாசிகள் மார்செய்ல் நகரத்தில் எரிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கீழ்ப்படியும்படி ஆணையிட்டதும், கீழ்ப்படியாதபோது விசாரணைக்கு ஒப்புவித்ததும் ஜான்தான். இந்த நால்வரை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1331 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். ஜானுக்கு அப்போது வயது எண்பத்தைந்துக்கு மேல். அவிஞோனில் பிரசங்கம் செய்த அவர், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள் இன்னும் கடவுளை முகமுகமாகப் பார்க்கவில்லை என்றார். அவர்கள் பலிபீடத்தின் கீழே இளைப்பாறுகிறார்கள். கிறிஸ்துவின் மனுஷீகத்தின் நிழலில் இருக்கிறார்கள். கடைசித் தீர்ப்புக்குப் பிறகுதான் பீடத்தின் மேலே ஏற்றப்பட்டுத் தெய்வீகத்தைக் காண்பார்கள். டிசம்பரில் மறுபடி இதைப் பேசினார். 1332 ஜனவரியில் இன்னொரு படி போனார்: சபிக்கப்பட்டவர்களும் நித்திய அக்கினியில் இன்னும் இல்லை, அவர்களும் அந்த நாளுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஐரோப்பா கொதித்தது. கொதித்தவர்களின் யோக்கியதை ஒரே மாதிரி இல்லை. ஜானிடமிருந்து 1328இல் தப்பி ஓடி, அவருடைய எதிரியான பவேரிய லூட்விக்கின் நிழலில் மியூனிக்கில் உட்கார்ந்திருந்த ஒக்காமின் வில்லியமுக்கும், பிரான்சிஸ்கன் சபையின் தலைவராக இருந்த செசேனாவின் மைக்கேலுக்கும், போப்பே பதிதன் என்று நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பிரெஞ்சு அரசன் ஆறாம் ஃபிலிப் 1333 டிசம்பரில் வன்சேன் கோட்டையில் பாரிஸ் இறையியலாளர்களைக் கூட்டிப் போப்புக்கு எதிராகக் கருத்துச் சொல்ல வைத்தான். அவிஞோனிலேயே இந்தக் கருத்தைத் தாக்கிப் பிரசங்கம் செய்த தாமஸ் வேலிஸ் என்ற ஆங்கிலேய டொமினிக்கன் துறவி சிறையில் போடப்பட்டார். தான் சொல்வது தன் சொந்தக் கருத்து, போப்பின் ஆணை அல்ல, வேதத்திலிருந்து மறுத்துக் காட்டினால் விட்டுவிடுகிறேன் என்று ஜான் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுத்தவர் சிறையில் இருந்தார்.

எதிர்த்தவர்களின் பக்கத்தில் கனமான காரணங்கள் இருந்தன. சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இன்றைக்கே என்று கிறிஸ்து சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். ஜான் பட்டம் கட்டிய அக்வினாஸே, சுத்தமான ஆத்துமா தாமதமின்றிக் கடவுளைக் காணும் என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் புரிந்த இன்னொரு காரணமும் இருந்தது. பரிசுத்தவான்களே இன்னும் வாசலில் காத்திருக்கிறார்கள் என்றால் அவர்களிடம் வேண்டிக்கொள்வது எதற்கு? உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுபட்ட ஆத்துமா எங்கேதான் போகிறது? பரிபூரண பலன் வேண்டி 1300ஆம் வருஷத்து ஜூபிலிக்கு ரோமுக்கு நடந்த கூட்டம் எதற்காக நடந்தது? பொறுத்தலின் பலன் உடனடியாகக் கைக்கு வராவிட்டால் ஸ்தாபனத்தின் மொத்தக் கட்டடமும் ஆட்டம் காணும்.

ஜான் தோற்றார். 1334 டிசம்பர் 3ஆம் தேதி கர்தினால்களைப் படுக்கையைச் சுற்றி நிற்கவைத்து, உடலைப் பிரிந்த சுத்த ஆத்துமாக்கள் கடவுளை முகமுகமாகக் காண்கின்றன என்று ஒப்புக்கொண்டார். அதோடு, பிரிந்த ஆத்துமாவின் நிலை அனுமதிக்கிற அளவுக்கு, என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டார். வக்கீல் கடைசிவரை வக்கீல்தான். மறுநாள் செத்துப்போனார்.

*

அடுத்த போப், 12ஆம் பெனடிக்ட். இயற்பெயர் ழாக் ஃபூர்னியே. எம்மானுவேல் லெ ரோய் லதூரி 1975இல் வெளியிட்ட மோன்தயூ கிராமத்தைப் பற்றிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். பாமியேயில் பிஷப்பாக இருந்தபோது, 1318 முதல் 1325 வரை, மலைக்கிராமத்து இடையர்களையும் விதவைகளையும் பாதிரிகளையும் உட்காரவைத்து, பொறுமையாக, ஒரு வார்த்தை விடாமல் விசாரித்துப் பதிவு செய்தவர். அந்தப் பதிவேட்டில் அர்னோ ஜெலி என்று ஒருவன் வருகிறான். செத்தவர்கள் அவனிடம் வந்து பேசுவார்கள். உயிரோடிருக்கும் உறவினர்களுக்குச் செய்தி சொல்லி அனுப்புவார்கள். அவன் சொன்ன உலகில் உத்தரிக்கிற நெருப்பு கிடையாது. செத்தவர்கள் கோயில் கோயிலாக நடக்கிறார்கள். நடந்து தீர்த்த பிறகு ஓர் இளைப்பாறும் இடத்துக்குப் போய்த் தீர்ப்பு நாள்வரை காத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு எழுதிக்கொண்டவர் ஃபூர்னியே. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஏறக்குறைய இதே காத்திருப்பை ஒரு போப்பின் வாயிலிருந்து கேட்க நேர்ந்ததும் அவருக்குத்தான். குடியானவர்களின் மனத்தில் பழைய கிறிஸ்துவம் உறைந்து கிடந்தது என்றும், ஜான் அதைப் புத்தகங்களின் வழியாகத் தோண்டி எடுத்தார் என்றும் நான் இதை வாசிக்கிறேன்.

1336 ஜனவரி 29ஆம் தேதி பெனடிக்டின் சாசனம் வந்தது. கழிக்க ஒன்றுமில்லாதவர்களும், கழித்து முடித்தவர்களும், உடல் திரும்பக் கிடைப்பதற்கு முன்பே, பொதுத்தீர்வைக்கு முன்பே, கடவுளைக் காண்கிறார்கள். சாவான பாவத்தில் இறந்தவர்கள் உடனே நரகத்தில் இறங்குகிறார்கள். ஆனபோதிலும் தீர்ப்பு நாளில் எல்லா மனிதரும் உடலோடு வந்து தங்கள் செய்கைகளுக்குக் கணக்குக் கொடுப்பார்கள். பிரச்சினை அந்த 'ஆனபோதிலும்' என்ற சொல்லுக்குள் ஒதுக்கப்பட்டது. அது ஏன் என்று சாசனம் சொல்லவில்லை.

ஏன் என்று அக்வினாஸ் முன்பே சொல்லியிருந்தார். அவருடைய இறையியல் தொகைநூலின் மூன்றாம் பாகத்தில், 59ஆம் கேள்வியில் அது இருக்கிறது. மனிதன் செத்தாலும் அவன் வாழ்க்கை முடிவதில்லை. பிறர் நினைவில் இருக்கிறான், பிள்ளைகளில் இருக்கிறான், செய்த காரியங்களின் விளைவில் இருக்கிறான். ஆரியஸ் செத்த பிறகும் அவன் போதனை ஜனங்களைக் கெடுத்துக்கொண்டே போகிறது. அப்போஸ்தலர்கள் செத்த பிறகும் அவர்கள் பிரசங்கம் விசுவாசத்தைப் பிறப்பித்துக்கொண்டே போகிறது. காலம் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒருவனைப் பற்றிய முழுத்தீர்ப்பு சாத்தியமில்லை. கிறிஸ்துவத்தில் சரித்திரத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகக் கூர்மையான வார்த்தைகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன். பொறுத்தல் செய்தவனைத் தொடுகிறது. செய்கையோ அவனைவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது.

பொறுக்கப்பட்ட பாவங்கள் அந்த நாளில் வாசிக்கப்படுமா என்பதில் பீட்டர் லம்பார்டும் அக்வினாஸும் வேறுபடுகிறார்கள். மறைக்கப்படும் என்றார் லம்பார்ட். எல்லோருக்கும் தெரியவரும், ஆனால் வெட்கம் இருக்காது என்றார் அக்வினாஸ்; மகதலேனாளின் பாவத்தைக் கோயிலில் உரக்கச் சொல்கிறோமே, அதனால் அவளுக்கு என்ன அவமானம் என்று உதாரணமும் காட்டினார். இந்தத் தர்க்கத்தில் ஓர் ஆள் குறைகிறான். இருவரும் பாவம் செய்தவனின் வெட்கத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தப் பாவம் யாருக்கு இழைக்கப்பட்டதோ அவன் அந்தக் கூட்டத்தில் நிற்பானா, அந்த வாசிப்பைக் கேட்பானா என்பது பேச்சிலேயே இல்லை.

1336க்குப் பிறகு அந்த ஆளுக்குக் கிடைத்த இடம் இன்னும் சுருங்கியது. தனித்தீர்வையில் ஓர் ஆத்துமா கடவுளுக்கு முன்னால் தன்னந்தனியாக நிற்கிறது. வாதி ஆஜராவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்காதவனுக்குப் பொறுத்தல் இல்லை என்று அகஸ்டின் சொல்லியிருந்தார் என்பது உண்மை. சங்கீர்த்தனம் கேட்ட குருக்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் எரித்தவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்? கணக்கு பாவிக்கும் ஸ்தாபனத்துக்கும் இடையிலானதாக ஆனபின், அதை விலைபேச அதிக காலம் ஆகவில்லை. 1476இல் நான்காம் சிக்ஸ்டஸ் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கும் பலன்களை நீட்டித்தார். நடுத்தீர்வை என்ற சொல்லில் உள்ள தீர்வைக்குத் தமிழில் நிலவரி என்றும் ஓர் அர்த்தம் இருப்பது தற்செயல்தான். அந்தத் தற்செயலை நினைத்து நான் சிரித்திருக்கிறேன்.

லூதர் 1517இல் இந்த வியாபாரத்தை உடைத்தார். உத்தரிக்கிற ஸ்தலமே பிறகு போயிற்று. ஆனால் தீர்ப்பு இன்னும் முன்னால் வந்தது: விசுவாசிக்கிற கணத்திலேயே விடுதலை அறிவிக்கப்பட்டுவிடுகிறது. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை தன் 17ஆம் பிரிவில் கடைசித் தீர்ப்பையும் விடாமல் வைத்துக்கொண்டது. அங்கும் ஓர் 'ஆனபோதிலும்' கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

*

இப்போது ஜானின் முதல் பிரசங்கத்துக்குத் திரும்புகிறேன். பலிபீடத்தின் கீழே ஆத்துமாக்கள் என்ற படிமம் திருவெளிப்பாட்டின் 6ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஜான் அதைப் புனித பெர்னார்டின் வழியாக எடுத்துக்கொண்டார். மூன்று வருஷம் ஐரோப்பாவின் தலைசிறந்த மூளைகள் கீழே என்றால் எங்கே, மேலே என்றால் எங்கே, அங்கிருந்து எவ்வளவு தெரியும் என்று சண்டையிட்டன. வசனம் பேசுவது இடத்தைப் பற்றி அல்ல. பீடத்தின் கீழே இருப்பவர்கள் கொலையுண்டவர்கள். அவர்கள் இளைப்பாறிக்கொண்டும் இல்லை. உரத்த குரலில் கேட்கிறார்கள். எங்கள் ரத்தத்துக்கு நீர் எப்போது நியாயம் தீர்ப்பீர் என்பது அவர்கள் கேள்வி. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அதே பொறுத்தல். பாவிக்குப் பொறுத்தல் கிடைக்கிறபோது கொலையுண்டவனுக்குக் கிடைப்பதும் அந்தச் சொல்தான், இன்னொரு அர்த்தத்தில்.

மார்செய்லில் நால்வரை எரிக்க அனுப்பியவர், பதின்மூன்று வருஷம் கழித்து, இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு, பரிசுத்தவான்கள் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்று பிரசங்கம் செய்தார். தீர்ப்பு இன்னும் வரவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதில், தான் அறியாத ஓர் உண்மை இருந்தது. யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய எதிரிகளும் அதைக் கேட்கவில்லை. ஒக்காமுக்குக்கூட, அந்த நால்வர் தன் சபைச் சகோதரர்களாக இருந்தும், ஜானின் பிழை ஒரு பதித வாக்கியம்தான்.

2007இல் 16ஆம் பெனடிக்ட் நம்பிக்கையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்க'ளைக் குறிப்பிட்டு, கொடுமை செய்தவர்கள் கடைசி விருந்தில் தங்களால் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்தில் எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்துவிட முடியாது என்றார். 1336இல் இன்னொரு பெனடிக்ட் காரணம் சொல்லாமல் விட்ட 'ஆனபோதிலு'க்கு ரோமிலிருந்து வந்த பதில் என்று இதை எடுத்துக்கொள்கிறேன். அறுநூற்று எழுபத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது.

நான் அந்த நாளை நம்பவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள், தங்களுக்கே தெரியாமல், எதைக் காப்பாற்றிவைத்தார்கள் என்று தெரிகிறது. பொறுத்தலைக் கோயிலில், காதோடு காதாக, இருவர் மட்டும் இருக்கையில் கொடுத்துவிடலாம். தீர்ப்பை அப்படிக் கொடுக்க முடியாது. அதற்கு எல்லோரும் வந்தாக வேண்டும். கிறிஸ்பஸ் வர வேண்டும். மார்செய்லில் எரிந்த நால்வரும், அந்தக் குட்டை அங்கியோடு, வர வேண்டும். அவர்கள் வாய் திறப்பதற்கு முன் ஜானைப் பற்றி யாரும், அவருக்குக் கடைசிச் சடங்குகள் செய்த குருகூட, எதையும் முடித்துவைத்துவிட முடியாது.